வேப்பிலைக் காப்பு

குழந்தை உதைத்தது மதுமதியின் வயிற்றில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தது ஜ்யோத்ஸ்னா.

அதிலும் ஜ்யோத்ஸ்னாவின் கைதான் முதலில் போயிற்று; உதை அதற்கப்புறம் வந்தது. கூடத்தில் பாயை விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஹீட்டர் கம்பி சிவந்து, அதில் கருகும் தூசியின் வாடையும் ஜ்யோத்ஸ்னா உள்ளங்கையில் தேய்த்து வைத்திருந்த ஓமம் காய்ச்சிய நல்லெண்ணெயின் வாடையும் கலந்து மூடிய அறைக்குள் கனமாகத் தங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கிட்வாய் நகரின் புதுக் கட்டடங்கள் ஒன்றுகூடத் தெரியாமல் மத்தியானம் ஆகியும் மூடுபனி அப்படியே நின்றது. "உள்ள இழு... மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டே வந்த ஜ்யோத்ஸ்னா சட்டென்று நிறுத்தி, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து உதட்டைக் கடித்தாள். மறுகணம் மதுமதிக்கு அதே இடத்தில் மெல்லிசாக ஒரு தட்டு. யாரோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மது. ஆதத், பழகிப்போச்சு. இத்தனை வருஷமா மாசமா இருக்கறவங்க கூடவே இருக்கேன் இல்ல, உடம்பு தானா காப்பி அடிக்குது."

அவள் சிரித்தாள். மதுமதியும் சிரித்துவைத்தாள். ஒருத்தி தன் வயிற்றைத் தானே பிடித்துக்கொண்டதற்குப் போய் அவளிடம் என்னவென்று விசாரிப்பது.

ஜ்யோத்ஸ்னா ஒரு டூலா. இந்தச் சொல்லைக் கரூரில் இருக்கும் மதுமதியின் மாமியார் தங்கத்துக்கு விளக்குவதற்குள் கணவன் செந்தில்குமாருக்குத் தாவு தீர்ந்துவிட்டது. அப்ப மருத்துவச்சியா என்றாள் தங்கம். இல்லம்மா. நர்ஸா? அதுவும் இல்லம்மா, ஊசி மருந்தெல்லாம் தொடமாட்டாங்க. பின்ன என்னதான்டா பண்ணுவா? கூட இருப்பாங்கம்மா. மூச்சு விடச் சொல்லித் தருவாங்க, இடுப்பை அமுக்கி விடுவாங்க, பிரசவம் முடியற வரைக்கும் கையைப் பிடிச்சுட்டு இருப்பாங்க. அதுக்குத்தான சாமி நாங்கெல்லாம் இருக்கறது என்று சொல்லிவிட்டு, மாற்று மூட்டு வைத்த தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள் தங்கம். அவளால் டெல்லிக்கு வர முடியாது. மதுமதியின் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. செந்தில்குமார் அமைச்சகத்தில் வேலை. பார்லிமெண்ட் நடக்கிற மாதங்களில் அவன் வீட்டுக்கு வருகிற நேரம் அவனுக்கே தெரியாது.

ஆனால் மதுமதி டூலா வைத்துக்கொண்டது துணைக்காக மட்டும் இல்லை. இதற்கு முன்னால் ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. ஒரு பகல் முழுக்க வலித்தது. முழுப் பிரசவத்துக்கு உண்டான வலி அத்தனையும் பட்டு, கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அந்த வலியை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குப் பயம். வெறும் பயம் இல்லை, கிலி. குழந்தை வேண்டும், இந்தத் தடவை உயிரோடு கையில் வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வலி மட்டும் வேண்டாம்.

வங்கியின் ஜனக்புரி கிளையில் அவளோடு வேலை பார்த்த அபூர்வாதான் ஜ்யோத்ஸ்னாவின் நம்பரைக் கொடுத்தது. "பிரசவத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல மது. அவ்வளவு ஈஸி" என்றாள்.

முதல் நாள் வந்தபோதே ஜ்யோத்ஸ்னாவை மதுமதிக்குப் பிடித்துப்போயிற்று. நாற்பதைத் தாண்டிய, உயரமான, நரையை மறைக்காத பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரே கேள்விதான். அறையில விளக்கு வேணுமா, வேண்டாமா? பாட்டு வேணுமா, வேண்டாமா? புருஷன் பக்கத்துல வேணுமா, வேண்டாமா? உன் உடம்பு, நீதான் சொல்லணும் என்பாள். யாரும் மதுமதியிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"வலி வேண்டாம்க்கா. அதை எங்கயாவது அனுப்பிடுங்க."

ஜ்யோத்ஸ்னா அவள் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. "வலி எங்கயும் போயிடாது மது. ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தர்கிட்ட போகும். அவ்வளவுதான்" என்றாள். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வசனம் போலிருக்கிறது என்று மதுமதி நினைத்துக்கொண்டாள்.

தப்பு நடந்தது வளைகாப்பு அன்றைக்கு.

வளைகாப்பு என்று பெயர்தானே தவிர வந்தது நாலைந்து பேர். எதிர் ஃபிளாட் ருக்கு மாமிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். தங்கம் வீடியோ காலில் கரூரிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். கண்ணாடி வளையலுக்கு முன்னால் வேப்பிலைக் காப்பு போடவேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லியிருந்ததால், மாமி காலையிலேயே பார்க் ஓரத்து மரத்தில் கொழுந்தாக ஒரு கொத்து ஒடித்து, நூல் சுற்றி வளையமாகக் கட்டி வைத்திருந்தாள்.

"மத்த வளையலெல்லாம் அழகுக்குக் கண்ணு. இதுதான் காவல்" என்றாள் தங்கம் போனுக்குள்ளிருந்து. "புள்ள கைக்கு வர்ற வரைக்கும் கழட்டிராத. அப்புறம் எல்லாத்தையும் பிரசவம் பாத்தவங்களுக்குக் குடுத்துரு. அதான் வழக்கம்."

"கேட்டுக்கோடி பொண்ணே. காஞ்சு தானா உதிர்ந்தா உதிரட்டும், நீயாக் கழட்டப்படாது" என்றாள் ருக்கு மாமி.

எல்லோரும் போனபின் மதுமதிக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. வேப்பங்காம்பின் சொரசொரப்பு மணிக்கட்டில் உரசி, சிவந்து தடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினாள், நகர்த்தி விட்டாள், ஊதினாள். ஜ்யோத்ஸ்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"தொந்தரவா இருக்கா? குடு, உனக்காக நான் போட்டுக்கறேன்."

"கழட்டக் கூடாதுன்னாங்களே அக்கா."

"என்னைக்கிருந்தாலும் எனக்குத்தானே வரப்போகுது? பிரசவத்துல கூட இருக்கப்போறது நான்தானே?" அவள் வலது கையை நீட்டினாள். "வேணுமா, வேண்டாமா? நீ சொல்லு."

அது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் அவளுக்குப் போகிற பொருள், நாலு வாரம் முன்னால் போனால் குடியா முழுகிவிடும். மதுமதி காப்பைக் கழற்றி அவள் கையில் தானே மாட்டிவிட்டாள். ஜ்யோத்ஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். பசித்தவர்கள் முதல் வாய் சோற்றை விழுங்கிவிட்டு மூடுவார்களே, அப்படி.

அன்றைக்கு ராத்திரி மாதக்கணக்கில் இருந்த நெஞ்செரிச்சல் போயிற்று. மதுமதி நன்றாகத் தூங்கினாள். அடுத்து இடுப்பு வலி போயிற்று. கால் வீக்கம் இருந்தது, ஆனால் அந்தக் கடுகடுப்பு இல்லை. செந்தில்குமார் "பாத்தியா, அபூர்வா சொன்னது சரிதான்" என்று சந்தோஷப்பட்டான். அவளுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஜ்யோத்ஸ்னா வருகிற நாட்களில் மட்டும் படியேறி வந்தவள் போல் மூச்சு வாங்கினாள், லிஃப்டில் வந்தும். வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். கைப்பையில் பெரிய நெல்லிக்காய் வைத்திருந்தாள். உப்பைத் தொட்டுத் தொட்டு நறநறவென்று கடித்துத் தின்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் மதுமதிக்கு ஞாபகம் வந்தது. நெல்லிக்காய்க்குப் போன மாதம் வரை உயிரை விட்டது அவள். செந்தில்குமாரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எத்தனை தடவை விரட்டியிருக்கிறாள். இப்போது எச்சில்கூட ஊறவில்லை.

அப்புறம்தான் அந்த மூச்சுப் பயிற்சி, அந்த உதை.

அதற்குப் பிறகு மதுமதி உதையையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் சாய்ந்து, சட்டையை விலக்கி, வெறும் வயிற்றைப் பார்ப்பாள். பனியில் வடிகட்டி வருகிற வெளுத்த வெளிச்சத்தில் வயிறு அசையும். இடமிருந்து வலமாக ஒரு மேடு நகரும். முழங்காலோ முழங்கையோ தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டிவியில் யாருடைய வயிற்றையோ பார்ப்பது போல் தன் வயிற்றைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் அந்தச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

டாக்டர் ப்ரீதா ஸ்கேன் எடுத்தாள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற வேகத்தில் அடித்தது. "எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். இதைவிட சுறுசுறுப்பான குழந்தையை நான் பார்க்கல" என்றாள் டாக்டர். எனக்கு உதைக்கறது தெரியலையே டாக்டர் என்றதற்கு, பனிக்குட நீர், நஞ்சு இருக்கும் இடம், பயம் என்று மூன்று காரணம் சொன்னாள். மூன்றாவதைச் சொல்லும்போது செந்தில்குமாரைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மதுமதி அபூர்வாவுக்குப் போன் செய்தாள்.

"உனக்கு உதைக்கறது தெரிஞ்சுதா? கடைசி மாசத்துல?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. தொண்டை கட்டி, அலுத்து, விடாமல் அழுகிற அழுகை. அபூர்வாவின் குரலில் அவசரமே இல்லை. "இல்ல மது. ஒண்ணுமே தெரியல. இப்பவும் ஒண்ணும் தெரியறதில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"குழந்தை ஏன் இப்படி அழறான்?"

"தெரியல. அழுதுட்டேதான் இருப்பான். டாக்டர்லாம் பாத்தாச்சு. ஆனா ஒண்ணு கேளு, நேத்து குக்கர் பட்டு எனக்குக் கை முழுக்க வெந்துபோச்சு. நான் பாட்டுக்குப் பிடிச்சுட்டு நின்னிருக்கேன். நல்லவேளை அவன் அந்த நேரம் வீல்னு கத்தினான். திரும்பினப்பதான் கையைப் பாத்தேன்."

மதுமதி போனை வைத்தாள். வண்டிக்குள் செந்தில்குமார் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம், ஜ்யோத்ஸ்னா வேண்டாம் என்றாள். ஏன் என்றான். வேப்பிலைக் காப்பைக் கொடுத்துவிட்டேன், அது திரும்ப வேண்டும் என்றாள். சொல்லும்போதே தன் பேச்சு தன் காதுக்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. அவன் அவள் தலையைத் தடவினான்.

"மது, போன தடவை நடந்தது இந்தத் தடவை நடக்காது. டாக்டர் சொன்னாங்கல்ல. இந்த நேரத்துல ஆளை மாத்தினா உனக்குத்தான் கஷ்டம். நான் உள்ள நின்னா மயக்கம் போட்டுருவேன், உனக்கே தெரியும்."

அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் நல்லவன்தான். நல்லவனாக இருந்து என்ன.

அடுத்த முறை ஜ்யோத்ஸ்னா வந்தபோது மதுமதி வாசலிலேயே மறித்துக் கேட்டாள். "அக்கா, அந்தக் காப்பைக் குடுத்துடுங்க. நானே போட்டுக்கறேன். அரிச்சாப் பரவாயில்லை. வலிச்சாலும் பரவாயில்லை."

"குடுத்ததை யாராவது திரும்பக் கேப்பாங்களா மது?" கோபமே இல்லை குரலில். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிக்கொண்டு மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "அதோட, இப்ப எப்படிக் கழட்டறது?"

வாரக்கணக்கில் ஆகியிருந்தது. தை பிறக்கப்போகிற டெல்லிக் குளிரில் கொத்தமல்லிக் கட்டே மறுநாளைக்குக் கருகிவிடும். வேப்பிலை பச்சையாக இருந்தது. பறித்த அன்று இருந்ததைவிடப் பச்சை. நூலைக் காணோம். காம்பு இரண்டு முனையும் சேர்ந்து ஒன்றாகித் தோலில் பதிந்திருந்தது. அதில் ஒரு கணுவிலிருந்து செம்பு நிறத்தில், பளபளவென்று, புதுத் துளிர் விட்டிருந்தது.

மதுமதி பின்னால் நகர்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். இல்லை.

"உக்காரு" என்றாள் ஜ்யோத்ஸ்னா அன்பாக. "உள்ள இழு. மெதுவா விடு."

பனிக்குடம் உடைந்தது பொழுது சாயும் நேரத்தில். மதுமதிக்கு அது தெரியவில்லை. அடுக்களையில் நின்று பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். டைல்ஸில் தண்ணீர் பரவி அடுப்பு மேடைக்கு அடியில் ஓடுவதைப் பார்த்துவிட்டு குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துக் குழாயைத் திருகினாள். அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதே நேரம் வாசல் மணி அடித்தது. யாரும் இன்னும் போன் செய்யவில்லை. கதவைத் திறந்தால் ஜ்யோத்ஸ்னா. நெற்றியில் வியர்வை, தலைமுடி ஒட்டிக்கொண்டு, நிலையைப் பற்றியபடி பாதி குனிந்து நின்றாள்.

"கிளம்பு மது. ஜல்தி. ஆரம்பிச்சாச்சு."

செந்தில்குமார் வண்டியை ஓட்டினான். முன் விளக்கு வெளிச்சம் பனியில் முட்டித் திரும்பி வந்தது. எதிரே ரோடு இல்லை, வெள்ளைதான். இன்டிகேட்டரின் டிக் டிக். பின் சீட்டில் மதுமதிக்குப் பக்கத்தில் ஜ்யோத்ஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், அடங்கினாள், முனகினாள். ஓமமும் வியர்வையும் நாறின. அதற்கு அடியில் வேப்பங்கசப்பு.

"அக்கா எவ்வளவு அருமையாச் சொல்லித் தர்றாங்க பாரு. கூடவே செய் மது" என்றான் செந்தில்குமார், கண்ணாடியில் பார்த்து.

பிரசவ அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். மதுமதி அவன் சட்டையைப் பிடித்தாள். "நீங்க வாங்க. நீங்கதான் வரணும். அவ வேண்டாங்க." அவன் குழம்பிப்போய் டாக்டரைப் பார்த்தான். பிரசவ நேரத்தில் எல்லோரும் இப்படித்தான் என்றாள் டாக்டர் ப்ரீதா. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, நெற்றியில் முத்தமிட்டு, ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்துக் கும்பிட்டான். கதவு சாத்திக்கொண்டது.

வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். பக்கத்தில் இருந்த மெஷினில் காகிதம் நகர்ந்தது. அதில் முள் மலை மலையாக ஏறி இறங்கியது. ஏறும்போதெல்லாம் மூலையில் ஜ்யோத்ஸ்னா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய வலி, அம்மா மூச்சுக்கூடக் காட்டல" என்றாள் நர்ஸ் ஹிந்தியில். "குடுத்து வெச்சவங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் மதுமதி. "எனக்குத் தெரியணும்."

யாரும் காதில் வாங்கவில்லை.

முள் ஏறியது. இறங்கியது. ஏறியது. அவளுக்கு அந்த வலி வேண்டும் போலிருந்தது. பயந்து பயந்து செத்தாளே, அந்த வலி. அது அவளுடையது. அதன் வழியாகத்தான் குழந்தை அவளிடம் வரவேண்டும். வேறு வழி இல்லை என்று இப்போது தெரிந்தது. இப்போது தெரிந்து என்ன.

ஜ்யோத்ஸ்னா கட்டிலருகே வந்து கையைப் பிடித்தாள். டூலாவின் வேலை அது. மதுமதி அந்த மணிக்கட்டைப் பற்றினாள். காம்புக்கு அடியில் நகத்தைக் கொடுத்தாள். இழுத்தாள். வேர் மண்ணைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்திருந்தது. மறுபடி இழுத்தாள். ஒரு இலை மட்டும் கையோடு வந்தது. அது வந்த இடத்தில் ஒரு துளி, பால் நிறத்தில்.

"தள்ளு" என்றாள் டாக்டர்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஜ்யோத்ஸ்னா தள்ளினாள். கட்டில் கம்பியைப் பிடித்து, முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைக்க. மதுமதி மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாள்.

குழந்தை அழுதது.

பெண். உயிரோடு. பத்து விரல், முடி, எல்லாம். துடைத்து அவள் நெஞ்சில் போட்டார்கள். மதுமதி பார்த்தாள். சிவந்த முகம். மூடிய கண். திறந்த வாய். நெஞ்சின் மேல் கனம் இல்லை. சூடு இல்லை. ஈரம் இல்லை. ஒரு படத்தை வைத்தது போல வைத்திருந்தார்கள். கையால் தொட்டாள். விரல் குழந்தையின் முதுகில் போய் நின்றது. நின்றது தெரிந்தது. தொட்டது தெரியவில்லை.

குழந்தை தலையைத் திருப்பியது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது என்பார்கள். திருப்பியது. ஜ்யோத்ஸ்னா நின்ற பக்கம்.

மறுநாள் காலை வார்டில் ஜன்னல் முழுக்க வெள்ளை. ருக்கு மாமி சுரைக்காய்க் கூட்டும் ரசஞ்சாதமும் டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தாள். தங்கம் போனில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். செந்தில்குமார் தூக்கமில்லாத கண்ணோடு எல்லோருக்கும் லட்டு நீட்டினான். மதுமதிக்குப் பால் சுரக்கவில்லை என்று நர்ஸ் முயன்று பார்த்துவிட்டுப் போயிருந்தாள். எதிர் நாற்காலியில் ஜ்யோத்ஸ்னா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். சால்வையைப் போர்த்தி, உள்ளே அணைத்து. அவள் குர்த்தாவின் முன்பக்கம் நனைந்திருந்ததை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மது, அக்கா நம்ம கூடவே கொஞ்ச நாள் இருக்கேன்னுட்டாங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்" என்றான் செந்தில்குமார்.

"வளையலைக் கழட்டிக் குடுத்துடலாமோன்னோ? பிரசவம் பாத்தவாளுக்குத்தான் சேரணும்" என்று ருக்கு மாமி மதுமதியின் கையை எடுத்து, சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொரு வளையலாக உருவி, ஜ்யோத்ஸ்னாவின் கையில் போட்டாள். அங்கே இருந்த இலைகளை ஒதுக்கிவிட்டுத்தான் போட்டாள். "அடடே, இதை இன்னும் வெச்சிண்டிருக்கேளா" என்றாள்.

வளையல் குலுங்கியது. வளைகாப்பு அன்றிலிருந்து வயிற்றுக்குள் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். குழந்தை அந்தக் கையை நோக்கித் தவித்து முகத்தைத் திருப்பிப் புதைத்துக்கொண்டது.

அவர்கள் பில் கட்டவும் மருந்து வாங்கவும் கீழே போனார்கள். அறையில் மூன்று பேர்.

மதுமதி தன் மோதிர விரலை வாயில் வைத்தாள். மெதுவாகக் கடித்தாள். ஒன்றுமில்லை. அழுத்திக் கடித்தாள். ஒன்றுமில்லை. உப்புக் கரித்தது, ருசி தெரிகிற அளவுக்கு நாக்கு இருந்தது.

ஜ்யோத்ஸ்னா தன் மோதிர விரலை உதறினாள். "மெதுவா மது" என்றாள் நிமிராமல். "எனக்கு வலிக்குது."

மதுமதி விரலை எடுத்தாள். அப்படியா. வலிக்கிறதா. வலி எங்கேயும் போகாது, அவளே சொன்னாள். அப்படியானால் மதுமதியின் கையில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இவளை வலிக்க வைக்கலாம். காப்பைத் தானே பிடுங்கி எறிகிற வரைக்கும், குழந்தையைக் கீழே வைக்கிற வரைக்கும். ஆத்திரம் வந்தது. நல்ல ஆத்திரம். பெற்றவளுக்கு வருகிற ஆத்திரம்.

விரலைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைத்தாள். ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்துக்கொண்டே, இருந்த பலம் அத்தனையும் சேர்த்து, எலும்பு தட்டுப்படும் வரை கடித்தாள்.

ஜ்யோத்ஸ்னா அசையவில்லை. முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். களைத்துப்போன, பரிவான முகம். பிறகு குனிந்து, சால்வைக்குள் இருந்த சின்னக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது.

பால் குடித்துக்கொண்டிருந்த வாயைப் பிடுங்கிக்கொண்டு, உடம்பு விறைத்து, மூச்சு நின்று, மறுபடி வீறிட்டது. சால்வை விலகியது. அரிசி அளவு நகம் வைத்த அந்த மோதிர விரலைச் சுற்றி, மேலும் கீழுமாக, ஒரு பெரிய மனுஷியின் பல் பதிந்த தடம் சிவந்து வந்துகொண்டிருந்தது.